ஆர்டிஸ் கேட்ட நேர்முகம்

மினசோட்டாவில் எங்கள் சட்டக் கல்லூரியில் படித்து வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் ஆர்டிஸைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நேர்முகங்களுக்கு அறை ஒதுக்குவது அவள் வேலை. இலை உதிரும் காலம் வந்தால் பெரிய வக்கீல் நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். யாரை எந்த அறையில் உட்கார வைப்பது, எந்த மாணவர் எப்போது உள்ளே போவது என்பதெல்லாம் அவள் கையில். வாயில் சூயிங்கம் மெல்லும் பையனிடம் குப்பைத்தொட்டியை நீட்டுவாள். பதற்றத்தில் மூச்சு வாங்கும் பெண்ணை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பாள். அதிகம் பேசமாட்டாள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். இரண்டு பேரும் ஒரே ஜன்னலைப் பார்த்து பல வருடம் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறோம். ஆனாலும் அவள் ராணுவத்தில் இருந்தவள் என்பது எனக்கு வெகு காலம் தெரியாது.

ஆர்டிஸ் பிறந்தது வடக்கே, கனடா எல்லையை ஒட்டிய ஒரு பண்ணையில். சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட்ரூட்தான் அங்கே பயிர். பள்ளி முடித்த மறு வருடமே ராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்தாள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். டெலிபிரிண்டரில் செய்தி அனுப்புகிற, வாங்குகிற வேலையில் போட்டார்கள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. கஞ்சி போட்ட சட்டையின் விறைப்பும், வரிசையில் நின்று பெயருக்குப் பதில் சொல்வதும், அந்த இயந்திரங்களின் இரைச்சலும்கூடப் பிடித்திருந்தன. வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

மூன்றாவது வருடம் ஒரு விசாரணை வந்தது. பெண்கள் விடுதியில் இரண்டு பேர் காதலிக்கிறார்கள் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி ஆர்டிஸ். தனி அறைக்குக் கூப்பிட்டு, உன்னைப் போல இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பெயர்களைச் சொன்னால் அவளை மட்டும் விட்டுவிடுவதாக ஆசை காட்டினார்கள். அவள் தன் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரையும் சொல்லவில்லை. படைக்குத் தகுதியில்லாதவள் என்று எழுதி வெளியே அனுப்பினார்கள். ஊருக்குப் போய், பணிக்காலம் முடிந்துவிட்டது, வந்துவிட்டேன் என்றாள். அவள் அப்பா ஒன்றும் கேட்காமல் டிராக்டர் சாவியை எடுத்துக் கொடுத்தாராம்.

பண்ணையில் அவளால் நெடுநாள் இருக்க முடியவில்லை. நகரத்துக்கு வந்து தட்டச்சு வேலை பார்த்தாள், பிறகு எங்கள் கல்லூரிக்கு வந்தாள். நகரத்தில் பழக்கமான டெல்லாவும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். டெல்லா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. கல்லூரியின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இரண்டு பேரும் ஒரே காரில் வருவார்கள், எலுமிச்சை கேக் ஒரே தட்டில் கொண்டுவருவார்கள். எங்களுக்கெல்லாம் புரிந்துதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் அடுத்தவர் விஷயம் தெரிந்தாலும் தெரியாததுபோல இருப்பதுதான் மரியாதை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரி ஒரு விதி கொண்டுவந்தது. எங்கள் மாணவர்களை வேலைக்கு எடுக்க இங்கே வந்து அறையில் உட்கார வேண்டுமென்றால், இனம், மதம், ஆண் பெண் என்று பார்த்து ஒதுக்கமாட்டோம், யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று பார்த்தும் ஒதுக்கமாட்டோம் என்று நிறுவனங்கள் உறுதி தர வேண்டும். வக்கீல் நிறுவனங்கள் தந்தன. ராணுவத்தால் தர முடியவில்லை. ஒருபாலின ஈர்ப்புள்ளவர்களைப் படையில் வைத்துக்கொள்வதில்லை என்பது அப்போது ராணுவத்தின் விதி. கொஞ்ச காலத்தில் அதையே சற்று மாற்றிச் சட்டமாக்கி, நாங்கள் கேட்கமாட்டோம், நீங்களும் சொல்லாதீர்கள் என்றார்கள். சொன்னால் வெளியே என்பது மட்டும் மாறவில்லை. ஆகவே ராணுவத்துக்கு வழக்கறிஞர்களைத் தேர்ந்தெடுக்க வரும் அதிகாரியிடம், இந்த வருடத்திலிருந்து உங்களுக்கு இங்கே அறை கிடையாது என்று தொலைபேசியில் சொல்லும் வேலை ஆர்டிஸுக்கு வந்தது.

அவள் சொன்னாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் டெல்லாவிடம், என்னை வெளியே அனுப்பியவர்களை இன்றைக்கு நான் வெளியே அனுப்பினேன், இனிக்கும் என்று நினைத்தேன், இனிக்கவில்லை என்றாளாம். டெல்லாவுக்கு அது பிடிபடவே இல்லை. நானாக இருந்தால் கேக் வெட்டிக் கொண்டாடியிருப்பேன் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

பத்து வருடம் அப்படியே போயிற்று. ராணுவ அதிகாரி கல்லூரிக்கு எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, விருப்பமுள்ள மாணவர்களை அங்கே சந்தித்துப் போவார். யாருக்கும் பெரிய குறையில்லை. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு நிலைமை மாறியது. மற்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கும் அதே இடத்தை ராணுவத்துக்கும் கொடுக்காவிட்டால், சட்டக் கல்லூரிக்கு மட்டுமல்ல, பல்கலைக்கழகம் முழுவதற்கும் அரசு தரும் பணத்தை நிறுத்த முடியும் என்று ஒரு சட்டம் முன்பே இருந்தது. அதை இப்போது இறுக்கிப் பிடித்தார்கள். பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆராய்ச்சியே அந்தப் பணத்தில்தான் நடந்தது. பேராசிரியர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் பல்கலைக்கழகத் தலைவர் பணிந்தார். விதி அப்படியே இருக்கும், ராணுவத்துக்கு மட்டும் விலக்கு.

எங்கள் டீன் ஆப்ராம்ஸ் நல்ல மனிதர். அந்த விதியை எழுதியதே அவர்தான். முகம் தொங்கிப்போய் எங்கள் அறைக்கு வந்தார். அடித்தளத்தில் கொதிகலனுக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறதல்லவா, அதை ராணுவத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். சட்டம் இடம் கொடுக்கச் சொன்னது, நல்ல இடம் கொடுக்கச் சொல்லவில்லையே என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

ஆர்டிஸ் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அங்க யாரையும் உக்கார வைக்க மாட்டேன் டீன். எனக்குப் பிடிக்காத கம்பெனி எத்தனையோ வருது. எல்லாருக்கும் ஜன்னல் இருக்கற ரூம்தான்."

"இது வேற, ஆர்டிஸ்."

"வேறதான். ஆனா ரூம் ஒண்ணுதான்."

டீன் என்னைப் பார்த்தார். நான் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். ஜன்னல் அறையே முடிவாயிற்று.

மாணவர்களுக்கு இது தெரிந்ததும் கொதித்தார்கள். நடைபாதை முழுக்க வாசகங்கள் ஒட்டினார்கள். வானவில் நிறத்தில் ரிப்பன் குத்திக்கொண்டு திரிந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவள் கிரெட்சன் என்ற இரண்டாம் வருட மாணவி. உயரமான பெண். மேல் மாடியிலிருந்து பேசினாலும் கீழே கேட்கும். அவள் ஒருநாள் ஆர்டிஸின் மேசைக்கு வந்து நின்றாள்.

"ராணுவத்துக்கு நல்ல ரூம் கேட்டு வாங்கிக் குடுத்ததே நீங்கதானாமே? வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

ஆர்டிஸ் நேரப் பட்டியலை எடுத்து அவள் பக்கம் திருப்பினாள். "இல்லம்மா," என்றாள். "நீ பேர் குடுக்கப் போறியா? நேரமெல்லாம் இன்னும் காலியாத்தான் கிடக்கு."

கேலியாகச் சொன்னாளா, உண்மையாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கிரெட்சன் அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே அவளும் அவள் நண்பர்களும் வந்து, ராணுவ அதிகாரியின் நேரம் முழுவதையும் தங்கள் பெயரில் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், என் மதிப்பெண் இது, நாட்டுக்குச் சேவை செய்ய ஆசைப்படுகிறேன், நான் ஒருபாலின ஈர்ப்புள்ளவன் என்று சொல்வது. உங்களை எடுக்க முடியாது என்று அதிகாரி ஒவ்வொரு முகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். அதுதான் திட்டம்.

அக்டோபரில் அந்த நாள் வந்தது. நாங்கள் எதிர்பார்த்தது நரைத்த, கடுகடுப்பான ஒருவரை. வந்தவர் கேப்டன் டீக், முப்பதைத் தொட்டவர், தெற்கத்திப் பேச்சு. வாசலில் மாணவர்கள் இரண்டு பக்கமும் பேசாமல் நிற்க, நடுவில் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். ஆர்டிஸ் அவரை ஜன்னல் அறைக்குக் கூட்டிப்போய், எல்லோருக்கும் கொடுப்பதுபோலவே காபி கொடுத்தாள். வெளியே இருந்து யாரோ முனகினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் பையன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அடுத்தவளும் அப்படித்தான். கேப்டன் எழுந்து நின்று கை கொடுப்பார், கேட்பார், வருத்தம் தெரிவிப்பார், மறுபடி எழுந்து கை கொடுப்பார். மதியம் ஆவதற்குள் அந்த மனிதரின் குரல் தேய்ந்துவிட்டது. தட்டில் வைத்த சாண்ட்விச்சை அவர் தொடவில்லை. மாணவர்களின் சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வெளியே வந்தவர்கள் நேராக வகுப்புக்குப் போனார்கள்.

கிரெட்சன் சாயங்காலத்துக்குச் சற்று முன்னால் உள்ளே போனாள். மற்றவர்களைவிட அதிக நேரம் இருந்தாள். வெளியே வந்தவள் நண்பர்களிடம் போகாமல், ஆர்டிஸின் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. ஆர்டிஸ் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

"எங்கப்பா நேவில இருந்தார்," என்றாள் கிரெட்சன். "இந்தக் கேப்டனை நாலு கேள்வி கேட்டுட்டு வரணும்னுதான் போனேன். அவர் என்னென்ன வேலை இருக்கும்னு சொல்ல ஆரம்பிச்சதும், ஐயோ, இது எனக்கு வேணும்னு தோணிடுச்சு. அதுக்கப்புறம்தான் என்னைப் பத்திச் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"முடியாதுன்னுதான். வேற என்ன சொல்லுவார்."

கடைசியாகப் பெயர் கொடுத்திருந்த மாணவன் வரவில்லை. மனம் மாறியிருப்பான். ஆர்டிஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து, ஸ்வெட்டரை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தானே உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்த மறந்தாள் என்று நான் நினைக்கவில்லை. நானும் கிரெட்சனும் எல்லாவற்றையும் கேட்டோம்.

"கேப்டன், அடுத்த ஆள் வரல. அந்த நேரத்த நான் எடுத்துக்கலாமா?"

அவர் எழுந்து நின்றிருக்க வேண்டும், நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "தாராளமா மேடம். ஆனா, தப்பா எடுத்துக்காதீங்க, வயசு வரம்புன்னு ஒண்ணு இருக்கு."

"தெரியும். நான் ஏற்கெனவே இருந்தவதான்."

"அப்படியா? எந்தப் பிரிவு?"

"சிக்னல். டெலிபிரிண்டர்ல இருந்தேன். அறுபத்தாறுல சேந்தேன்."

அவர் குரலில் அன்று முதல்முறையாக உயிர் வந்தது. எந்த முகாம், யார் தலைமை என்று கேட்டார், அவள் சொன்னாள். பிறகு எப்போது விட்டீர்கள் என்று கேட்டார்.

"நான் விடல. அனுப்பிட்டாங்க. காலையிலேர்ந்து இந்தப் பிள்ளைங்க உங்ககிட்ட சொல்லிட்டுப் போறாங்களே, அதே காரணம்தான்."

கிரெட்சன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், இதுக்கு நான் என்ன பதில் சொன்னாலும்..."

"பதில் கேட்டு வரல, உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இன்னிக்கு வந்தவங்கள்ல பல பேர் உங்கள மடக்கத்தான் வந்தாங்க. அவங்க மேலயும் தப்பில்ல. ஆனா கடைசியா வந்த பொண்ணு நெஜமாவே கேட்டா. எனக்கு அந்த முகம் தெரியும். எங்கிட்டயும் அதே முகம்தான் இருந்துது. நீங்க திரும்பிப் போய் யார்கிட்டயாவது பேசும்போது, இங்க எல்லாரும் கலாட்டா பண்ணாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன் மேடம்," என்றார் அவர். பிறகு, "நீங்க அந்த வேலையில எப்படி?" என்று கேட்டார்.

"எங்க யூனிட்ல என்னை விட வேகமா யாரும் கிடையாது."

"நம்பறேன்."

அவள் வெளியே வந்தாள். காபிக் குவளையை எடுத்துக்கொண்டு வந்து கழுவி வைத்தாள். கிரெட்சன் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆர்டிஸ் அவள் தோளைத் தட்டி, "போய் ஏதாவது சாப்பிடு," என்றாள்.

மறுநாள் கல்லூரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கிரெட்சன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நடைபாதையில் நின்றவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. டீன் ஆப்ராம்ஸ் ஓடிவந்தார். சில சட்டக் கல்லூரிகள் சேர்ந்து, பணத்தை நிறுத்தும் அந்தச் சட்டத்துக்கு எதிராக வழக்குப் போடப்போகும் சமயம். ஆர்டிஸ் தன் கதையை ஒரு கூட்டத்தில் வந்து சொன்னால் அதைவிடப் பெரிய சாட்சி வேறு இல்லை என்றார். ஆர்டிஸ் முடியாது என்றாள். பயமாக இருக்கிறதா, வேலைக்கு ஒன்றும் வராது என்று நான் உறுதி தருகிறேன் என்றார்.

"பயமில்ல டீன். நீங்க அவங்கள உள்ள விடாதீங்கன்னு கேக்கறீங்க. நான் என்னை உள்ள விடுங்கன்னு கேக்கறவ. உங்க மேடையில ஏறி நின்னா நான் கேக்கறது உங்களுக்கே புரியாமப் போயிடும்."

"ரெண்டும் ஒரே சண்டைதானே?"

"இருக்கலாம். ஆனா நான் ராணுவத்த வெறுக்கல. அதுதான் எனக்குக் கஷ்டமே."

டீன் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அவளிடம் பேசும்போது அவர் குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. நீதிபதிகளில் ஒருவர்கூட கல்லூரிகள் பக்கம் நிற்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் ராணுவம் வந்தது. வரும் நாளில் அறை வாசலில் ஒரு அறிவிப்பை ஒட்டச் சொல்லி ஏற்பாடு. இந்த நிறுவனம் எங்கள் விதிக்கு உட்படவில்லை, சட்டத்தின் கட்டாயத்தால் இடம் தந்திருக்கிறோம் என்பது அதன் சாரம். ஆர்டிஸ்தான் அதை ஒட்டுவாள், வளையாமல் நேராக ஒட்டுவாள். ஒட்டிவிட்டு உள்ளே காபி கொண்டுபோவாள். கேப்டன் டீக் மறுபடி வரவில்லை. அவரைப் பாலைவனத்துக்குப் போருக்கு அனுப்பிவிட்டதாக அடுத்து வந்தவர் சொன்னார். அந்த வாரம் முழுக்க ஆர்டிஸ் தினமும் செய்தித்தாளில் போரில் இறந்தவர்களின் பெயர்கள் வரும் பக்கத்தை முதலில் பிரித்துப் பார்த்தாள்.

அவள் ஓய்வு பெற்ற பிறகு, இரண்டாயிரத்துப் பதினொன்றில், சட்டம் மாறியது. படையில் யாரும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்றாயிற்று. அந்த இலையுதிர் காலத்தில் ராணுவ அதிகாரி வந்தபோது வாசலில் அறிவிப்பு இல்லை, ரிப்பன் இல்லை, ஒரு மாணவனும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஆர்டிஸுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நல்லது, ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாது, பார்த்துக்கொள் என்றாள்.

கிரெட்சன் அதற்குள் வக்கீலாகப் பெயர் எடுத்திருந்தாள். சட்டம் மாறிய மறு மாதமே ராணுவத்தைச் சேர்ந்த மாநிலக் காவல் படையின் சட்டப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தாள். வயது வரம்பு இன்னும் தாண்டவில்லை. சீருடை வாங்கியதும் நேராக ஆர்டிஸ் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். அதோடு நிற்கவில்லை. ஆர்டிஸின் ராணுவ விடுவிப்புச் சான்றிதழைத் திருத்தச் சொல்லி மனுப்போட வேண்டும் என்றாள். ஆர்டிஸ் மறுத்தாள். நாற்பது வருடம் ஆகிவிட்டது, நான் செய்த வேலை செய்ததுதான், அதற்கு இனி யார் நற்சான்று கொடுத்து என்ன என்றாள். கிரெட்சன் எத்தனை சட்டம் எடுத்துச் சொல்லியும் அசையவில்லை.

அசைத்தது டெல்லா. "ஏண்டி, அது கிடைச்சா முன்னாள் ராணுவக்காரின்னு உனக்குக் காது மிஷின் சும்மா தருவாங்களாம். நான் ஒவ்வொண்ணையும் மூணு தடவ கத்திச் சொல்ல வேண்டியிருக்கு. எனக்காகவாவது போடு."

"நீ எப்பவும் கத்தித்தானே பேசுவ?"

"அது பழக்கம். இப்ப தேவை."

மனுப் போட்டார்கள். விசாரணைக் குழுவில் இருந்த ஒருவர், அப்போது நடந்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டாராம். எதற்கு வருந்த வேண்டும் என்று கேட்கிறீர்கள் என்று ஆர்டிஸ் திருப்பிக் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் சீருடையில் உட்கார்ந்திருந்த கிரெட்சனுக்கு வியர்த்துவிட்டது. கேட்டவர், மன்னிக்கவும், அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம் என்றார். சில மாதம் கழித்து, கௌரவத்துடன் விடுவிக்கப்பட்டவர் என்று திருத்தி அனுப்பினார்கள். ஆர்டிஸ் அதைப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டவில்லை. காது மிஷின் வாங்கிக்கொண்டாள். முதல் வாரம் முழுக்க, பக்கத்து வீட்டு நாய் இவ்வளவு குரைக்குமா என்று புலம்பினாள்.

அவர்கள் பேட்டையில் முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே மீன் வறுவல் விருந்து நடக்கும். பணம் கொடுத்தால் யாரும் போய்ச் சாப்பிடலாம், அடுப்படிக்குள் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் இடம். ஆர்டிஸ் அந்தத் திருத்திய தாளைக் காட்டி உறுப்பினராகச் சேர்ந்த வாரமே அவளை எண்ணெய்ச் சட்டி முன்னால் நிறுத்திவிட்டார்கள். நானும் டெல்லாவும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கொரியப் போருக்குப் போய் வந்த ஒரு கிழவரோடு, மாவில் பீர் ஊற்றுவதா சோடா ஊற்றுவதா என்று ஆர்டிஸ் சண்டை போட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. கிழவர் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் இரண்டு சட்டியில் இரண்டு விதமாக வறுத்துக் கொண்டுவந்து வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று எங்களைக் கேட்டார்கள். டெல்லா வாயில் மீனை வைத்துக்கொண்டே கிழவருடையதுதான் என்றாள். ஆர்டிஸ் தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.